இமயமலையைத் தெற்கிலிருந்து படியுங்கள்

"சார், சிவாலிக் உயரம் 900 முதல் 1,100 மீட்டர்னு எழுதினா போதுமா?"

குரூப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி வராமல் ஒரு வருடமும் போனதில்லை. போதும், மார்க் வந்துவிடும். ஆனால் அந்த வரியை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போகிறவரைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. கைடுகளில் இமயமலைக்கு ஒரு அட்டவணை இருக்கும். மேலே ட்ரான்ஸ் இமயமலை, அதற்குக் கீழே பேரிமயம் என்கிற ஹிமாத்ரி, அப்புறம் சிறிய இமயம் என்கிற ஹிமாச்சல், கடைசியில் சிவாலிக். பக்கத்தில் உயரம், அகலம், முக்கியச் சிகரம். நாலு வரியையும் மனப்பாடம் செய்துவிட்டால் பாடம் முடிந்தது. நான் எப்போதும் அந்த அட்டவணையைக் கவிழ்த்துப் போட்டுத்தான் ஆரம்பிப்பேன். இமயமலையைத் தெற்கிலிருந்து படிக்க வேண்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்னைப் பற்றி இரண்டு வரி. பகலில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் தண்டையார்பேட்டையில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பக்கம் தரை சமம். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம், அவ்வளவுதான். மாடி ஜன்னலில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். கொஞ்சம் மேற்கே போனால் கொடுங்கையூர் குப்பைமேடு. உயரம் என்று கண்ணில் படுவது இவைதான். மலை என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் திருப்பதி. அதையும் பேருந்தில் தூங்கிக்கொண்டே ஏறியிருப்பார்கள்.

திருப்பதியிலிருந்தே தொடங்கலாம். திருமலைப் பாறைகளுக்கு வயது 100 கோடி ஆண்டுகளுக்கு மேல். மழையும் வெயிலும் தேய்த்துத் தேய்த்து மிச்சம் விட்டதுதான் கிழக்குத் தொடர்ச்சி மலை. இமயம் அப்படியில்லை. இந்திய நிலத்தட்டு வடக்கே வந்து ஆசியாவோடு மோதத் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் நடுவில் டெத்திஸ் என்ற கடல் இருந்தது. மோதல் இன்னும் ஓயவில்லை. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்கிறது. அதில் ஏறத்தாழ 2 செ.மீ. அளவுக்கான நெருக்கத்தை இமயமலையே வாங்கிக்கொள்கிறது.

இந்த நெருக்கம் ஏன் ஒரே ஒரு பெரிய மலையை எழுப்பாமல் வரிசை வரிசையாக எழுப்பியது? எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய் வேலை நடந்தபோது பிள்ளைகளை வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஈர மணலை ஜேசிபி தள்ளும்போது முதலில் வாளியை ஒட்டிக் குவியும். குவியல் ஓரளவு உயர்ந்ததும் அதற்கு முன்னால் தரையோடு கிடக்கும் மணலில் ஒரு பிளவு விழும். அந்தத் துண்டு அப்படியே சரிந்து மேலே ஏறும். இன்னும் தள்ளினால் அதற்கும் முன்னால் இன்னொரு பிளவு, இன்னொரு துண்டு. பழைய துண்டுகள் பின்னால் ஏறி உயரமாக நிற்கும், புதியது முன்னால் குட்டையாக இருக்கும். ஜேசிபி நிற்க, தரை நகர்ந்து வந்தாலும் இதேதான் நடக்கும். திபெத் பக்கம் வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள், நகர்ந்து வருவது நம் தரை.

அந்தப் பிளவுகளுக்குப் பெயர் உண்டு. பேரிமயத்தின் அடியில் ஓடுவது மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட். அது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வேலை செய்தது. சிறிய இமயத்துக்கும் சிவாலிக்குக்கும் நடுவில் மெயின் பவுண்டரி த்ரஸ்ட், சுமார் 1 கோடி ஆண்டு. சிவாலிக்குக்கும் சமவெளிக்கும் நடுவில் மெயின் ஃபிரண்டல் த்ரஸ்ட். இது நேற்று வந்தது, இன்றும் நகர்கிறது. ஆக, தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் புதியதிலிருந்து பழையதற்கு நடக்கிறோம். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு பிளவு. இது மனதில் நின்றுவிட்டால் அட்டவணையை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது.

புத்தகப் படத்தில் மூன்று பட்டைகளும் கோடு போட்டதுபோல் ஒழுங்காக இருக்கும், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். மேற்கில் நங்க பர்பத் சிகரம் தொடங்கி கிழக்கில் நம்சா பர்வா சிகரம் வரை 2,400 கி.மீ. வில்லாக வளைந்து போகிறது. காஷ்மீரில் 400 கி.மீ. அகலம், அருணாச்சலத்தில் 150 கி.மீ. தான். டீஸ்டா ஆற்றுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்துக்கு சிவாலிக்கையே காணோம்.

அக்காவுக்கு வெகுநாளாக பத்ரிநாத் ஆசை. யாத்திரைக் குழு ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டபோது துணைக்கு நானும் போனேன். குழுவில் பெரும்பாலோர் எங்கள் பக்கத்து மாமிகளும் தாத்தாக்களும். அவர்களுக்கு அது திவ்ய தேச யாத்திரை. தேவப்பிரயாகை வந்ததும் 'கண்டமென்னும் கடிநகர்' என்று கைகூப்பினார்கள். ஜோஷிமட் அவர்களுக்குத் திருப்பிரிதி. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலை வெட்டிய பாறையைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்தச் சாலை இமயத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற சாலை. சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு இயல்பாகவே அது தெற்கிலிருந்து வடக்குதான்.

ஹரித்வாரில் கங்கை சமவெளிக்குள் இறங்குகிறது. ஒரு கரையில் மானசா தேவி குன்று, மறு கரையில் சண்டி தேவி குன்று. நடுவில் இருக்கிற வாசல் வழியாக ஆறு வெளியே வருகிறது. இரண்டு குன்றுமே சிவாலிக். பக்கத்தில் போய்ப் பாருங்கள், கல் மாதிரியே இருக்காது. மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக, நடுவில் உருண்டைக் கூழாங்கற்கள். நகத்தால் கீறினால் சில இடங்களில் மணல் உதிர்கிறது. உருண்டைக் கல் என்றால் அது ஆற்றில் உருண்டது என்று அர்த்தம். ஆறு தரையில்தானே ஓடும், அந்தக் கல் குன்றின் உச்சிக்கு எப்படிப் போனது? வடக்கே முதலில் எழுந்த மலைகளை ஆறுகள் அரித்துக் கொண்டுவந்து அடிவாரத்தில் கொட்டின. பின்னால் நெருக்கம் அந்தக் குப்பையையும் மடித்துத் தூக்கி நிறுத்தியது. சிவாலிக் என்பது இமயத்தின் சொந்த இடிபாட்டிலேயே எழுந்த மலை. உயரம் குறைவாக இருப்பதற்கும், மழை வந்தால் சரிவதற்கும், ஸ்டெகோடான் என்ற பழைய யானை இனத்தின் எலும்புகளும் சிவாபிதிகஸ் என்ற குரங்கினத்தின் எலும்புகளும் அங்கே கிடைப்பதற்கும் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

சிவாலிக்கைத் தாண்டியதும் ஏறுவோம் என்று பார்த்தால் சமதரை வருகிறது. அதுதான் டூன். சிவாலிக்குக்கும் சிறிய இமயத்துக்கும் இடையில் ஆறுகள் நிரப்பிய நீளப் பள்ளத்தாக்கு. டேராடூன் அப்படிப்பட்ட ஒரு பள்ளத்தாக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. சிவாலிக்குக்கு இந்தப் பக்கம், அடிவாரத்தில், பாபர் என்ற கூழாங்கல் பட்டை. ஓடைகள் அங்கே கல்லுக்குள் மறைந்துவிடும். அப்புறம் தராய் என்ற சதுப்புப் பட்டையில் திரும்ப மேலே வரும். இவை தேர்வில் அடிக்கடி வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிஷிகேஷைத் தாண்டியதும் சாலை மலைச்சுவரை ஒட்டி ஏறத் தொடங்குகிறது. பாறையின் சாயல் மாறிவிடுகிறது. தகடு தகடாக உரியும் கருஞ்சாம்பல் கல், சிலேட்டு இனம். அப்புறம் கெட்டியான வெள்ளைக் குவார்ட்சைட். மேலே போகப் போக சுண்ணாம்புக்கல். இது சிறிய இமயம், 3,700 முதல் 4,500 மீட்டர் வரை போகும் வரிசை. சிம்லா, முசூரி, நைனிடால் எல்லாம் இதில்தான். வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து தேடிய உயரம் இந்த வரிசையில்தான் கிடைத்தது. சிவாலிக்கில் வெக்கை தீராது, பேரிமயத்தில் பனி விடாது.

பீபல்கோட்டி கடந்து ஹெலாங் என்று ஒரு சின்ன ஊர். ஜோஷிமட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வரும். டீ குடிக்கக்கூட எல்லாரும் இறங்காத இடம். மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட் அந்தப் பக்கமாகத்தான் சாலையைக் கடக்கிறது. பேருந்து நின்றதும் இறங்கிச் சாலையோரம் விழுந்துகிடந்த ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக இருந்தது, திருப்பும்போதெல்லாம் அபிரகத் துணுக்குகள் மினுங்கின. நைஸ் பாறை. பூமிக்குள் வெகு ஆழத்தில், பாறை இளகுகிற சூட்டில் கிடந்து மாறியது. ஆழத்தில் வெந்த பாறை மேலே, வேகாத பாறை கீழே. அடியிலிருந்ததைப் பிளவு தூக்கி வேகாத பாறையின் தலைமேல் ஏற்றிவிட்டது. இதைவிட நேரடியாக ஒரு மலைத்தொடர் தன் கதையைச் சொல்லிவிட முடியாது. அந்த இடத்தில் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. அக்கா பத்ரி நாராயணனை நினைத்து அழுகிறான் என்று நினைத்துக்கொண்டாள், நான் மறுக்கவில்லை.

ஜோஷிமட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில் அங்கே நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டு, மக்கள் ஊரைவிட்டு இறங்க வேண்டி வந்தது. ஊர் உட்கார்ந்திருப்பது பழைய நிலச்சரிவுக் குவியலின் மேல் என்று 1976லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு சொல்லியிருந்தது. பெரிய கட்டுமானம் வேண்டாம் என்றும் எச்சரித்தது. நொறுங்கிய பாறைப் பட்டையில், நடுங்குகிற பூமியில், வரிசையறியாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊர் சாட்சி. அங்கே வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்களை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அதற்கு மேலே பேரிமயம். சராசரியே சுமார் 6,000 மீட்டர். எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, நந்தா தேவி எல்லாம் இந்த ஒரே வரிசையில். எவரெஸ்ட்டின் உச்சியில் இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். பேரிமயத்துக்கு வடக்கே போனால் டெத்திஸ் கடலின் படிவுகளே மலையாக நிற்கின்றன. இதற்கு ஆதாரம் தேடி நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. வீட்டில் சாளக்கிராமம் வைத்துப் பூஜிக்கிறவர்கள் எங்கள் பேட்டையிலும் இருக்கிறார்கள். நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றில், முக்திநாத்தை ஒட்டிய பகுதியிலிருந்து வரும் கறுப்புக் கல் அது. முக்திநாத் ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமம். அந்தக் கல்லுக்குள் தெரியும் சக்கரம் அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் அதிர்ச்சியடையவில்லை. "பாற்கடல்ல இருந்தவர்தானேடா, கடல்லேருந்து வராம எங்கேருந்து வருவார்" என்றாள். அந்த பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பேரிமயத்துக்கும் அப்பால் ஜான்ஸ்கர், லடாக், காரகோரம் என்று இன்னும் வரிசைகள். 8,611 மீட்டர் கே-2 இருப்பது காரகோரத்தில், இமயத்தில் அல்ல. தேர்வில் இங்கேதான் நிறைய பேர் வழுக்குவார்கள்.

மழைக்கும் வரிசைதான் கணக்கு. கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றால் வாரத்தில் சில நாள் அந்தமான் எக்ஸ்பிரஸ் போகும். சென்ட்ரலில் கிளம்பி ஜம்மு தாண்டி கட்ரா வரைக்கும் போகிற வண்டி. அதில் ஏறி, கட்ராவிலிருந்து இன்னும் வடக்கே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சிவாலிக். அப்புறம் பீர் பாஞ்சால் வரிசை, அதை இப்போது 11 கி.மீ. நீள ரயில் சுரங்கம் துளைத்துப் போகிறது. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் காஷ்மீர் பள்ளத்தாக்கு. பீர் பாஞ்சாலுக்கும் பேரிமயத்துக்கும் நடுவில் ஒரு காலத்தில் ஏரியாகக் கிடந்த இடம். அந்த ஏரிப் படிவை கரேவா என்பார்கள், பாம்பூர் குங்குமப்பூ விளைவது அதில்தான். அப்புறம் ஜோஜி லா கணவாய், 3,528 மீட்டர். இந்தப் பக்கம் பைன் காடும் புல்வெளியும். கணவாயைத் தாண்டி திராஸ் பக்கம் இறங்கினால் மொட்டைப் பாறை. பருவக்காற்று வரிசைக்கு வரிசை தன் ஈரத்தை இழந்துகொண்டே போகிறது. தௌலாதார் வரிசையின் முகத்தில் இருக்கிற தர்மசாலாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. கொட்டுகிறது. லடாக்கில் இருக்கிற லே நகரில் 100 மி.மீ. அளவுதான். நம் சென்னைக்கு 1,400 மி.மீ. என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் ஆறுகளை இந்த வரிசைகள் தடுக்கவில்லை. எனக்கு இமயத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். சிந்து, சட்லஜ், பிரம்மபுத்திரா மூன்றும் பேரிமயத்துக்கு வடக்கே, கயிலாயம் மானசரோவர் பக்கத்தில் தொடங்குகின்றன. அவ்வளவு பெரிய மதிலுக்குப் பின்னால் பிறந்த தண்ணீர் எப்படி இந்தப் பக்கம் வந்தது? ஆறு மலை ஏறாது. மலை வருவதற்கு முன்பே ஆறு இருந்தது. தரை உயர உயர ஆறு தன் பாதையை விடாமல் அறுத்துக்கொண்டே இருந்தது. சிந்து நங்க பர்பத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டு போகிறது. பிரம்மபுத்திரா நம்சா பர்வாவில் திரும்பிப் பாய்கிறது. சட்லஜ் ஷிப்கி லா அருகே நுழைகிறது. காளி கண்டகி, 8,167 மீட்டர் தௌலகிரிக்கும் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவுக்கும் நடுவே ஓடுகிறது. இரண்டு எட்டாயிரம் மீட்டர் சிகரங்களுக்கு இடையே ஒரு ஆறு போகிறது என்றால் யார் மூத்தவர் என்று கேட்கவே வேண்டாம்.

அறுத்ததெல்லாம் எங்கே போயிற்று? இந்த இடத்தில்தான் வட சென்னை பாடத்துக்குள் வருகிறது. என் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா காசிமேட்டில் லாஞ்சு டிரைவர். அவள் ஒருநாள் கேட்டாள்: "சார், அப்பா சொல்லுவாரு, கரையில இருந்து போகப் போக கொஞ்ச தூரத்துக்கு பாகம் கணக்கு சொல்லலாம், அப்புறம் திடீர்னு அடி கிடைக்காதுன்னு. அதுக்குக் கீழ என்ன இருக்கு?" பாகம் என்பது கடலாழத்தை அளக்கிற கணக்கு. நல்ல கேள்வி. நம் கரையையொட்டிய ஆழம் குறைந்த கடலடி மேடை குறுகியது. அது முடிந்ததும் கடல் சரிந்து 3,000 மீட்டருக்கு மேல் ஆழம் போகிறது. சூரை மீனுக்குப் போகிற தூண்டில் படகுகள் மிதப்பது அந்த ஆழத்தின் மேல்தான். அதன் அடியில் கிடப்பது இமயமலை.

இது அலங்காரப் பேச்சு இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. வங்கதேசத்துக் கரைக்கு அப்பால் அது கடலடிச் சரிவில் இறங்கித் தெற்கே பாய்ந்து பரவுகிறது. வங்காள விசிறி என்பது அதன் பெயர். இலங்கையையும் தாண்டி, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வரை, சுமார் 3,000 கி.மீ. நீளம். தடிப்பான இடத்தில் 16 கி.மீ. படிவு. 2015ல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல் வங்கக் கடலின் குறுக்கே வரிசையாகத் துளை போட்டு இந்தப் படிவை மேலே எடுத்தது. இமயம் எப்போது வேகமாக எழுந்தது, பருவமழை எப்போது வலுத்தது என்பதையெல்லாம் இப்போது மலையில் தேடுவதைவிடக் கடலடியில் அதிகம் தேடுகிறார்கள். அழிந்துபோன மலை முழுவதும் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறதே. ஒரு எச்சரிக்கை: காசிமேட்டுக் கரையில் நாம் மிதிக்கிற மணல் இமயத்து மணல் இல்லை. அது நம் ஆறுகளும் கரையோர நீரோட்டமும் கொண்டுவந்தது. இமயம் கிடப்பது ஆழத்தில்.

இன்னொரு சென்னைத் தொடர்பும் உண்டு. என் அப்பா கொத்தனார். அவருடைய தூக்குக்குண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது, பித்தளை, முனை மழுங்கிவிட்டது. சுவர் எடுக்கும்போது நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டம் நிற்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். குண்டு நேர்கீழே பார்க்கும் என்று நாம் நம்புகிறோம். பக்கத்தில் மாபெரும் மலை இருந்தால் பார்க்காது, மலையின் ஈர்ப்பு அதைக் கொஞ்சம் இழுக்கும்.

1802ல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை, அதாவது முக்கோணக் கணக்குக்கு ஆதாரமான ஒரு நேர்கோட்டுத் தூரத்தை, தரையில் அளந்தார். இந்தியாவையே முக்கோணங்களால் அளந்த பெரும் பணி அங்கிருந்து தொடங்கியது. அதே பணியின் தொடர்ச்சியில்தான் 1852ல் ராதாநாத் சிக்தாரின் கணக்கு எவரெஸ்ட்டை உலகின் உயரமான சிகரம் என்று காட்டியது. அப்போது கிடைத்த உயரம் 8,840 மீட்டர், இப்போதைய அளவு 8,848.86 மீட்டர். மெட்ராஸில் ஆரம்பித்த வேலை எவ்வளவு சரியாக இருந்தது பாருங்கள்.

அந்த அளவீட்டில் ஒரு இடம் இடித்தது. மத்திய இந்தியாவில் கல்யாண்பூர், வடக்கே சமவெளியில் காலியானா, இரண்டுக்கும் நடுவே சுமார் 600 கி.மீ. முக்கோணத்தால் அளந்த தூரத்துக்கும், நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிட்ட தூரத்துக்கும் 5.236 விநாடி கோண வித்தியாசம் (இந்த விநாடி நேரமல்ல, ஒரு டிகிரியில் 3,600ல் ஒரு பங்கு). தரையில் 160 மீட்டர் அளவு. நட்சத்திரக் கணக்கில் 'நேர்மேல்' எது என்பதைச் சொல்வது தூக்குக்குண்டு. அதை இமயம் இழுத்திருக்கிறது. கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த பிராட் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இமயம் இருக்கிற பருமனுக்கு இழுப்பு 15.885 விநாடி இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருந்தது. அப்படியானால் மலைக்கு அடியில் எங்கோ எடை குறைகிறது. 1855ல் ஏரி என்ற வானியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். மலைக்குக் கீழே, கனம் குறைந்த பாறை வேராக ஆழ இறங்கியிருக்கிறது, அந்த வேர்தான் மலையைத் தாங்குகிறது. இன்றைய நிலநடுக்க ஆய்வுகளில் அந்த வேர் தெரிகிறது. நம் தீபகற்பத்தின் அடியில் பூமியின் மேலோடு 35 முதல் 40 கி.மீ. தடிமன், இமயத்துக்கும் திபெத்துக்கும் அடியில் 70 கி.மீ. வரை. ஒரு கொத்தனார் கையிலிருக்கும் கருவியால் பூமிக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள் என்று அப்பா இருந்தபோது சொல்லியிருக்கிறேன். குண்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ நூல் பிடிக்கிறவன் கை ஆடாம இருந்திருக்கணும்" என்றார்.

நெருக்கம் நிற்காததால் நடுக்கமும் நிற்காது. 1905 காங்ரா, 1934 பீகார்–நேபாளம், 1950 அசாம், 2015 நேபாளம், எல்லாம் இதே வில்லின் நீளத்தில். 2015ல் மட்டும் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். மின்ட் பக்கம் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில் வேலை செய்கிற நேபாளத் தம்பி ஒருவன் எனக்குப் பழக்கம். அவன் ஊர் நடு வரிசையில், மகாபாரத் தொடரின் சரிவில். அவன் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊரைச் சொல்லும்போதே கீழ்ச் சமவெளியா, நடுமலையா, பனிமலையா என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற அட்டவணை அவனுக்கு முகவரி. 2015ல் வீடு போனது, அம்மாவும் தங்கையும் வயலில் இருந்ததால் பிழைத்தார்கள் என்று வாணலியைக் கிண்டிக்கொண்டே சொன்னான்.

கடைசியாகக் கிழக்கு முனை. நம்சா பர்வாவோடு இமயம் முடிந்தது என்று கைடு சொல்லும். அந்த மோதல் எல்லை அங்கே முடியவில்லை, தெற்கே திரும்புகிறது. பட்காய், நாகா, மணிப்பூர், மிசோ குன்றுகள் என்று பூர்வாஞ்சல் வரிசைகள் இப்போது வடக்கு தெற்காக ஓடுகின்றன. மியான்மரில் அரக்கான் யோமா. அப்புறம் கடலுக்குள் இறங்கி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அந்தமான் நிகோபார். வடக்கு அந்தமானில் இருக்கிற 732 மீட்டர் சேடில் பீக் அந்த மலைத்தொடரின் ஒரு சிகரம்தான். ராயபுரத்துக்குப் பக்கத்தில் நம் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் போகிறதே, இப்போது ஸ்ரீ விஜயபுரம், அது போய்ச் சேருவது இமயத்தின் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு. அங்கே இந்தியத் தட்டு எதிர்த்தட்டுக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. 2004 டிசம்பர் 26 காலை அந்த எல்லையில் சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு ஒரே மூச்சில் பிளந்தது. ஒன்பது மணியை ஒட்டி அலை நம் கரைக்கு வந்தது. காசிமேட்டிலும் திருவொற்றியூர் குப்பங்களிலும் அன்று இருந்தவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் வகுப்பில் படம் போடும்போது நம்சா பர்வாவில் பென்சிலை எடுக்க விடமாட்டேன். அடுத்த ஞாயிறு பூர்வாஞ்சல். வருகிறவர்கள் சமவெளி, சிவாலிக், டூன், சிறிய இமயம், பேரிமயம், திபெத் என்று தெற்கிலிருந்து வடக்கே ஒரு குறுக்குவெட்டுப் படமும், வில்லை அந்தமான் வரை இழுத்த ஒரு வரைபடமும் போட்டுக் கொண்டுவாருங்கள். உயரங்களைக் கடைசியில் எழுதினால் போதும். பிளவுகள் மூன்றையும் சிவப்பில் போடுங்கள்.